கிழக்கே ஆறு

எனக்கு ஓரிடத்தில் உட்காரப் பிடிக்காது. அப்படிப்பட்டவள் பதினாறு வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பத்திரம் தட்டிக்கொண்டிருக்கிறேன். சங்கரன்கோவிலில் பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பத்திர எழுத்தரின் அலுவலகம். எழுத்தரை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். அவர் சொல்லச் சொல்ல நான் கம்ப்யூட்டரில் அடிப்பேன். குருவிகுளத்துக் கரிசலும் ராயகிரித் தோப்பும் பனவடலிசத்திரத்துப் புஞ்சையும் தினமும் என் விரல் வழியாகக் கைமாறும். அவற்றில் ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்த்தது கிடையாது. மதுரைக்கு அந்தப் பக்கம் ரயிலேறியதும் கிடையாது.

அதனால்தானோ என்னவோ, பயணநூல் என்றால் எனக்கு உயிர். எவனோ ஒருவன் எங்கோ பனியில் வழி தெரியாமல் நின்றால் இங்கே மேசைக்கு அடியில் என் கால் ஆட ஆரம்பித்துவிடும். சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விடலாமா என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது தோன்றும். பையை எடுத்துக்கொண்டு கிளம்பவும் செய்வேன். பால் வாங்கிக்கொண்டு திரும்பி வருவேன்.

அண்ணாச்சி நாவல் கட்சி. "போனான், பாத்தான், வந்தான். இதுல என்னம்மா இருக்கு? ஒருத்தன் வீட்லயே உக்காந்திருக்கான், அவன் மனசு எங்கெல்லாம் போகுதுன்னு எழுதினாம்னா அதுல்லா புஸ்தகம்" என்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். "இல்லாத ஆளுக்கு நடக்காத கஷ்டம் வந்துச்சுன்னு உக்காந்து அழுதிய. என் ஆளு நெசமாவே நடந்திருக்கான் அண்ணாச்சி, கால்ல கொப்புளம் வந்திருக்கு" என்பேன். சம்பளம் தருகிறவரிடம் பேசுகிற பேச்சா இது என்று வெளியாள் கேட்டால் நினைக்கலாம். புத்தகம் என்று வந்துவிட்டால் எங்களுக்குள் முதலாளியும் இல்லை, வேலைக்காரியும் இல்லை.

மூன்றாவது ஆள் பக்கத்து ஜெராக்ஸ் கடை பாய். கடையநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். வளைகுடாவில் பன்னிரண்டு வருடம், ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தவர். "வெளிநாட்ட நான் பெட்டி பெட்டியாப் பாத்தவன் தங்கச்சி. பூராவும் கோழிக்கறி" என்று சிரிப்பார். நாவலோ பயணமோ, அவருக்கு எதுவானாலும் சரி, புத்தகத்துக்குள் மழை பெய்ய வேண்டும். எதைக் கொடுத்தாலும், "எத்தனாவது பக்கத்துல மழை வருது?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்.

மத்தியானம் ஒன்றரை மணிக்குக் கூட்டம் ஓய்ந்ததும் மூன்று பேரும் டிபன் பாக்ஸைத் திறப்போம். அப்போதுதான் எங்கள் சண்டை. அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தோம். ஒரு புத்தகம் பிடித்திருந்தால் 'அருமை', 'பிரமாதம்' என்றெல்லாம் அளக்கக் கூடாது. அதிலிருந்து ஒரு பக்கத்தை மட்டும் சத்தமாக வாசிக்க வேண்டும். மற்றவர்கள் சாப்பிட்டபடியே கேட்பார்கள். கேட்கிறவர் கை சோற்றுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டால் புத்தகம் ஜெயித்தது. கை நின்றவர் அந்தப் புத்தகத்தை முழுசாக வாசித்தே ஆக வேண்டும். கை நிற்காமல் சாப்பிட்டு முடித்துவிட்டால் வாசித்தவர் வாயை மூடிக்கொண்டு புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தச் சட்டத்தில் நான் கண்ட பலன், இரண்டு வருடத்தில் அண்ணாச்சியிடம் ஏழெட்டு முறை தோற்றதுதான். ஒரு தபால்காரர் சேர்க்காமல் வைத்துக்கொண்ட ஒரே ஒரு கடிதத்தைப் பற்றி அறுநூறு பக்க நாவல் ஒன்று. அதிலிருந்து ஒரு பக்கம் வாசித்தார், என் தயிர்சாதம் விரலிலேயே காய்ந்தது. நான் எதை வாசித்தாலும் அவர் கை நிற்காது. வேண்டுமென்றே வேகமாகச் சாப்பிடுகிறார் என்று எனக்குச் சந்தேகம். பாலைவனம் வாசித்தேன், ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார். எரிமலை வாசித்தேன், அப்பளத்தை நொறுக்கினார்.

அப்புறம்தான் அந்த ஆற்றுப் புத்தகம் வந்தது. ஒருவன் கடலில் ஆறு கலக்கிற இடத்தில் ஆரம்பித்து, ஊற்று இருக்கிற மலைவரை கரையோரமாகவே நடந்து போகிறான். அவ்வளவுதான் கதை. எனக்கு ஒரு வாரமாக அதே நினைப்பு. தோசை ஊற்றும்போதும் ஆறு, பேருந்துக்கு நிற்கும்போதும் ஆறு. அதில் ஒரு பக்கம். மூடுபனியில் அவன் கரையைத் தவற விட்டுவிடுகிறான். ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்கிறது. கிழக்கே ஆறு, கிழக்கே ஆறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சத்தத்தைப் பிடித்தபடி ஒவ்வொரு அடியாக எடுத்து வைக்கிறான்.

அன்று முகூர்த்த நாள். காலையிலிருந்து கிரையமும் தானமுமாகக் கூட்டம் நெரிந்தது. சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம்தான் கிடைத்தது. அந்தப் பத்து நிமிடத்தில் நான் அந்தப் பக்கத்தை வாசித்தேன். வாசித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். அண்ணாச்சியின் கை நின்றிருந்தது. சாம்பார் முழங்கைவரை ஒழுகுவதுகூடத் தெரியாமல் மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பனியும் மழை மாதிரிதான்" என்று பாய் தன் பங்குக்குத் தீர்ப்புச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வருடத்துத் தோல்விக்கெல்லாம் சேர்த்து ஜெயித்த மாதிரி இருந்தது.

கை கழுவிவிட்டு வந்து அடுத்த பத்திரத்தில் உட்கார்ந்தேன். அது ஒரு தான செட்டில்மெண்ட். குருவிகுளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அண்ணன் தன் தங்கைக்கு இரண்டு ஏக்கர் புஞ்சை எழுதிக்கொடுக்கிறார். அப்பா இறந்த பிறகு ஏழு வருடம் தங்கையான அந்த அம்மா கேட்டுக் கேட்டு, ஊர்ப் பெரியவர்கள் பேசி, ஒருவழியாக அன்றைக்கு அண்ணன் இறங்கி வந்திருந்தார். அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றுகிற வேலை. வீட்டுக்காரர் இல்லை, மகன் திருப்பூரில். "நான் நெலத்த வச்சு என்னத்தப் பண்ணப்போறேன். எங்கப்பா நெலத்துல எம்பேரும் இருக்கணும், அவ்வளவுதான்" என்று காலையில் என்னிடம் சொல்லியிருந்தார்.

அண்ணாச்சி சொல்லச் சொல்ல அடித்தேன். நான்கெல்லைக்கு வந்தபோது வெளியே யாரோ கூப்பிட, "கொண்டுவந்த சீட்டுல இருக்கு, பாத்துப் போட்டுக்கோம்மா" என்று எழுந்து போனார். வடக்கே வண்டிப்பாதை. மேற்கே ஒருவருடைய நிலம், தெற்கே இன்னொருவருடையது. கிழக்கே எழுதிக்கொடுப்பவரின் மீதி நிலம். சீட்டில் அப்படித்தான் இருந்தது. நான் அடித்தது, கிழக்கே ஆறு.

சத்தியமாக எனக்குத் தெரியாது. விரல் தானாக அடித்தது.

எங்கள் தொழிலில் இதற்கெல்லாம் ஒரு காவல் உண்டு. கையெழுத்துக்கு முன்னால் பத்திரம் முழுவதையும் இரு தரப்புக்கும் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். அண்ணாச்சி அதை ஒருநாளும் விட்டதில்லை. அன்றும் வாசித்தார். நான்கெல்லையையும் வாசித்தார். 'கிழக்கே ஆறு' என்ற இடத்தில் அவர் குரல் கொஞ்சம் இறங்கி நிதானமானது இப்போதும் என் காதில் இருக்கிறது. அவருக்குள்ளும் அரை மணிக்கு முன்னால் கேட்ட அதே ஆறு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. என் காதிலும் அது சரியாகவே விழுந்தது. அண்ணன்காரர் முகத்தைத் திருப்பி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து ஆனது. பதிவு அலுவலகத்தில் எல்லையை யாரும் சரிபார்ப்பதில்லை, அது எழுதிக்கொடுக்கிறவர் பொறுப்பு, ஆகவே பத்திரம் பதிவும் ஆனது.

வெளியே வந்ததும் அண்ணன்காரர் தங்கையைப் பார்த்து, "கேட்டதக் குடுத்தாச்சு. இனிமே ஒனக்கும் எனக்கும் பேச்சு வார்த்த கிடையாது" என்று சொல்லிவிட்டு பைக்கை உதைத்தார். அந்த அம்மா பத்திர ரசீதைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். நான் பார்க்காதது மாதிரி உள்ளே போய்விட்டேன்.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மா மறுபடி வந்தார். பட்டா மாறுதலுக்குக் கொடுத்த மனு திரும்பிவிட்டது. நிலத்தை அளக்க வந்தவர்கள் பத்திரத்தைப் பார்த்துச் சிரித்தார்களாம். அந்த அம்மா சத்தம் போடவில்லை. பத்திரத்தை என் மேசைமேல் வைத்து, அந்த வரியில் விரலை வைத்து, மெதுவாகக் கேட்டார்.

"எங்க ஊர்ல ஆறு எங்கன இருக்கு?"

அண்ணாச்சி எழுந்து வந்து வாசித்தார், இன்னொரு முறை வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு ஆறு கிடையாத கரிசல் காடு. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் அதுவும் இல்லை.

பிழைதிருத்தல் பத்திரம் போடலாம். ஆனால் எழுதிக்கொடுத்தவரே மறுபடி வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஏழு வருடம் இழுத்தடித்து, பேச்சையும் முறித்துக்கொண்டு போன அதே அண்ணன். அவர் வரமாட்டேன் என்றால் அந்த இரண்டு ஏக்கரில் இந்த அம்மாவின் பெயர் ஏறப்போவதில்லை. இதை அண்ணாச்சி விளக்கியபோது அந்த அம்மா, "அவன் வரமாட்டான்" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து எங்கள் மத்தியானம் செத்துப்போனது. பாய் எல்லாப் புத்தகங்களையும் அள்ளிக்கொண்டு போய் தன் கடை அலமாரியில் வைத்துப் பூட்டினார். "இது முடியுற வரைக்கும் வேணாம். நம்ம மூணு பேர் தலையிலயும் அல்லாஹ் கொஞ்சம் மூள வைக்கட்டும்" என்றார். மூன்று பேரும் குனிந்து சாப்பிட்டோம். எல்லார் கையும் நிற்காமல் போய் வந்தது. எனக்கு நிலைகொள்ளவில்லை. ஒவ்வொரு பத்திரத்தையும் நாலு தடவை சரிபார்த்தேன். வீட்டில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன். நடந்துகொண்டே சாப்பிட்டேன். ஆற்றுப் புத்தகத்தில் கடைசி நாற்பது பக்கம் வாசிக்காமல் கிடந்தது, அதை நினைத்தாலே எனக்கு என்மேல் வெறுப்பாக இருந்தது. ஊற்றைப் பார்த்தானா இல்லையா என்று ஒரு பக்கம் மனசு அரிக்கத்தான் செய்தது, அதுதான் இன்னும் கேவலம்.

"நான் போய்ப் பேசுதேன்" என்றார் அண்ணாச்சி. "அடிச்சது நான். நாந்தான் போவேன்" என்றேன்.

ஆக, பயணநூல் வாசித்து வாசித்து நான் கிளம்பிய முதல் பயணம் குருவிகுளம் பஸ்ஸில்தான். இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, அப்புறம் நடை. இருபக்கமும் மக்காச்சோளம், தூரத்தில் காற்றாலைகள் ஏனோதானோ என்று சுற்றிக்கொண்டிருந்தன. பதினாறு வருடமாக நான் அடித்த வண்டிப்பாதை என்ற சொல்லின்மேல் என் செருப்பு புழுதியில் புதைந்தது. கம்ப்யூட்டர் பண்ணிய தப்பு என்று ஒரு பொய்யை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

அண்ணன்காரர் முதுகில் பூச்சிமருந்து டப்பாவோடு தன் காட்டில் நின்றார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "எழுதியிருக்கேள்லா? அப்பம் ஆத்தக் கொண்டாங்க, வந்து கையெழுத்துப் போடுதேன்."

எனக்குப் பொய் வரவில்லை. மத்தியானச் சாப்பாடு, பந்தயம், மூடுபனி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் டப்பாவை இறக்கி வைத்தார்.

"கத படிச்சுக்கிட்டா பத்திரம் அடிச்சிய?"

"கதையில்ல. பயணம்" என்றேன். அந்த நேரத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

அவர் தன் நிலத்தையும் அதை ஒட்டிய அந்த இரண்டு ஏக்கரையும் பார்த்தார். நடுவில் ஒரு வரப்பு, வெடித்த மண். "இங்கன ஒரு ஆறு ஓடியிருந்தா நான் ஏம்மா ஏழு வருசம் அவளுக்கு இழுத்தடிக்கேன்? கேட்ட அன்னைக்கே, எடுத்துக்கோட்டின்னு குடுத்திருப்பேன்லா" என்றார். பிறகு, "அவ வந்து கேக்கட்டும். நேர்ல வந்து, அண்ணே வந்து போட்டுக் குடுன்னு கேட்டாப் போட்டுக் குடுக்கேன்" என்று டப்பாவைத் தூக்கிக்கொண்டார்.

தறிக் கூடத்துக்குப் போய் அந்த அம்மாவிடம் சொன்னேன். தறிச் சத்தத்தில் இரண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் நூல்கண்டைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார். "ஏழு வருசம் கேட்டாச்சு. இனி நான் கேக்க மாட்டேன். பட்டா வராட்டா போகுது." அவர் கை நூலை விடவில்லை, ஆனால் கண் கலங்கியிருந்தது. அவர் விட்டுக்கொடுத்துவிட்டார். நிலம் போனால் என்னால் போகும், இந்த மனுஷிக்கு அப்பாவோடு இருந்த கடைசித் தொடுப்பு என் தயிர்சாதப் பந்தயத்தால் போகும்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு மறுபடி பஸ் ஏறினேன். அண்ணன்காரர் என்னைக் கண்டதும், "என்ன, வாராளா?" என்றார். "வரமாட்டாகளாம்" என்றேன். "பாத்தியளா, அம்புட்டு ரோசம்!" என்றார். வெயில், பசி, பத்து நாள் தூக்கமில்லாத கண். என்னுடைய முன்கோபம் தெரிந்தவர்கள் யாராவது கூட இருந்திருந்தால் என் கையைப் பிடித்திருப்பார்கள்.

"ரோசம் ஒங்க அப்பா சொத்துதான? மத்ததயெல்லாம் பாகம் பிரிக்க ஏழு வருசம் ஆச்சு. அத மட்டும் பிரிக்காமலே ரெண்டு பேரும் ஆளுக்கு முழுசா வச்சிருக்கிய. தப்பு என்னோடது. திட்டணும்னா என்னத் திட்டுங்க, கைய நீட்டினாக்கூட வாங்கிக்கிடுதேன். அந்த அக்காவுக்கு வரவேண்டிய நெலத்த என் கிறுக்குத்தனத்தச் சாக்கா வச்சு அமுக்காதிய!"

சொல்லி முடித்த பிறகுதான் நான் எங்கே நிற்கிறேன் என்பதே நினைவுக்கு வந்தது. அடுத்தவர் காடு, அடுத்தவர் வரப்பு. அவர் என்னை உறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காதுக்குப் பின்னால் சொறிந்தார்.

"என்னைக்கு வரணும்?" என்றார்.

திங்கட்கிழமை வந்தார். தங்கையும் வந்தார். ஆளுக்கொரு பெஞ்சில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். பிழைதிருத்தல் பத்திரத்தை அண்ணாச்சி வாசித்தார். இந்த முறை சொல்லுக்குச் சொல் நிறுத்தி. நான் பக்கத்தில் நின்று வரிக்கு வரி விரலை ஓட்டினேன். பாய் கூப்பிடாமலே வந்து கதவோரம் நின்று காதைக் கொடுத்தார். 'கிழக்கே எழுதிக்கொடுப்பவரின் மீதி நிலம்' என்றதும் மூன்று பேரும் ஒன்றாக மூச்சு விட்டோம்.

பதிவு முடிந்து திரும்பும்போது மணி இரண்டரை. ரசீதுக்காக இருவரும் மறுபடி அதே பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். அண்ணாச்சிக்குச் சர்க்கரை, அதற்கு மேல் தாங்காது. "தப்பா நினைக்காதிய" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார். நானும் என்னுடையதைத் திறந்தேன். காலையிலிருந்து நாங்கள் யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அண்ணன்காரர் அண்ணாச்சியிடம் கேட்டார். "அப்பம் அந்தப் பழைய பத்திரம்? அதக் கிழிச்சிருவியளா?"

"பதிஞ்சதக் கிழிக்க முடியாதுய்யா. அது அதுபாட்டுக்கு இருக்கும். எந்தக் காலத்துல வில்லங்கம் போட்டுப் பாத்தாலும் ரெண்டும் வரும்."

"ஆறுமா?"

"ஆறும்தான்."

எனக்கு அவமானமாக இருந்தது. நான் செத்த பிறகும் அந்த வரி கம்ப்யூட்டரில் கிடக்கும். குனிந்து சோற்றைப் பிசைந்தேன். அண்ணன்காரர் பெஞ்சில் தங்கை பக்கம் லேசாகத் திரும்பினார்.

"ஏட்டி, ஒனக்கு ஆத்தங்கரையில நெலமாம்லா."

அந்த அம்மா உடனே நிமிரவில்லை. மடியிலிருந்த பழைய பத்திரத்தையும் பிழைதிருத்தல் பத்திரத்தின் நகலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓரத்தைச் சரிசெய்தார்.

"அக்கரையில நீதானண்ணே இருக்க" என்றார்.

நான் தலையைத் தூக்கி அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் கை சோற்றுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றிருந்தது. என் கையும் அங்கேதான் நின்றிருந்தது.